நான்காவது வீதி

பிப்ரவரி 3, திங்கள்

சொக்குவிடம் இன்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். இனி கால்தான் காப்பாற்ற வேண்டும்.

காலையிலேயே ஓசூரிலிருந்து போன் செய்தான். இந்த வீட்டைப் பூட்டிவிட்டு அவனோடு வந்துவிட வேண்டுமாம். மாடிப்படி செங்குத்து, கீழ மாசி வீதி முழுக்க லாரி, வத்தல் மூட்டை, வெங்காயச் சருகு, வழுக்கி விழுந்தால் யார் தூக்குவது என்று அடுக்கினான். டிசம்பரில் முழங்கால் மூட்டை மாற்றிவிட்டு வந்ததிலிருந்து என் மகன் என்னை முட்டை மாதிரி நினைக்கிறான். முப்பது வருடம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக விசில் ஊதியவள் நான்.

"தனியா அங்க இருந்து என்னம்மா பண்ணப் போற?"

"நாலு மாசி வீதியையும் நடந்து சுத்திட்டு வந்து சொல்றேன்டா, என்ன பண்ணப் போறேன்னு."

"சுத்திக் காட்டு. அதுக்கப்புறம் உன்னைக் கூப்பிடவே மாட்டேன். முடியலைன்னா பங்குனி பிறக்கறதுக்குள்ள நீ இங்க இருக்கணும். சரியா?"

சரி என்றேன். வாய் எனக்கு எப்போதும் காலைவிட வேகம்.

மாலையில் ஜன்னத் வந்தாள். என் கோ-கோ அணியில் ஓடியவள், இப்போது கட்டடக் கலை சொல்லித் தருகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு மதுரையின் பழைய வீதிகளில் நடக்கிறாள். மார்ச் 9 அன்று 'மாசியில் மாசி வீதி' என்று நான்கு வீதிகளையும் சுற்றப் போகிறார்களாம். கதை சொல்ல ஆள் வேண்டுமாம். "நீங்களே பேசுங்க டீச்சர், மைக் கூட வேணாம்" என்றாள். ஒப்புக்கொண்டு சொக்குவையும் அன்றைக்கே வந்து பார்க்கச் சொல்லிவிட்டேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். கல் என் மேல் விழாமல் இருந்தால் சரி.

பிப்ரவரி 5, புதன்

பிசியோதெரபிஸ்ட் ஜெரால்டு முழங்காலை மடக்கினான். கத்தினேன். "எத்தன பிள்ளைகள வெயில்ல ஓடவிட்டிருப்பீங்க டீச்சர், அதுக்குத்தான் இது" என்று சிரிக்கிறான். அவன் அக்கா என் மாணவியாம். பழி தீர்க்கிறான்.

குச்சி ஊன்றி விளக்குத்தூண் வரை போய் வந்தேன். கீழ மாசி வீதியில் புளி மண்டி, வத்தல் மண்டி தாண்டும்போது பத்துத் தும்மல். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். நமக்கு அது வீட்டு வாசனை.

பிப்ரவரி 8, சனி

வலி. நடக்கவில்லை. கோபமாக வருகிறது.

பிப்ரவரி 12, புதன்

தெற்கு மாசி வீதி முழுதும் முடித்தேன்! ஜவுளிக் கடைகளின் படிகளில் நான்கு இடத்தில் உட்கார்ந்தேன். ஒரு கடைக்காரர் நான் சேலை எடுக்க வந்ததாக நினைத்து ஸ்டூல் போட்டு காப்பியும் சொல்லிவிட்டார். காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். வாழ்க அவர் வியாபாரம்.

ஜன்னத்தின் கூட்டத்துக்கு என்ன சொல்வதென்று நடக்கும்போது ஒத்திகை பார்க்கிறேன். நடுவில் கோயில். அதைச் சுற்றி ஆடி வீதி, அதற்கு வெளியே சித்திரை வீதி, பிறகு ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி, எல்லாவற்றுக்கும் வெளியே கோட்டை இருந்த வெளி வீதி. சதுரத்துக்குள் சதுரம். ஒவ்வொன்றிலும் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று நான்கு. புதிதாக வருகிறவர்கள் ஒரே பேரை நாலு தடவை பார்த்துத் தலை சுற்றிப் போவார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு வழிதான் சொல்வேன்: கோயில் உங்கள் வலது கைப் பக்கம் இருந்தால் சரியாகப் போகிறீர்கள். இந்த ஊரில் தேர் அப்படித்தான் போகும், சாமி அப்படித்தான் போகும், கல்யாண ஊர்வலமும் அப்படித்தான் போகும். சித்திரைத் தேர் ஏன் சித்திரை வீதியில் ஓடாமல் மாசி வீதியில் ஓடுகிறது என்று யாராவது கேட்பார்கள். தேர் பெரிது, வீதி சிறிது என்று சொல்லிவிட்டு அப்புறம் மெதுவாக, மாசித் திருவிழா சித்திரைக்கு மாறிய கதைக்குப் போக வேண்டும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மேல மாசி வீதியும் முடிந்தது. இம்மையில் நன்மை தருவார் கோயில் வாசலில் செருப்போடு நின்றே கும்பிட்டேன். குனிந்து கழற்றினால் மாட்ட முடியாது. சாமிக்குத் தெரியும்.

மேல மாசியும் வடக்கு மாசியும் சேரும் முக்கில் பேச்சியம்மா பூ விற்கிறாள். அவள் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அதற்கு மேல் கால் வரவில்லை. ஆட்டோ பிடித்தேன்.

"வடக்கு மாசி வழியா நேரா விட்டா அஞ்சு நிமிசம்மா" என்றார் ஆட்டோக்காரர், புதுப் பையன் போலிருக்கிறது.

"உள்ளே திருப்பி ஆவணி மூல வீதி வழியா விடுங்க. அங்க ரோடு தோண்டிக் கெடக்கு."

"நேத்துக்கூட வந்தேனே. எங்க தோண்டியிருக்காங்க?"

"தோண்டுவாங்க. நீங்க திருப்புங்க."

பிப்ரவரி 18, செவ்வாய்

ஜன்னத்துக்கு வழித்திட்டம் வரைந்து அனுப்பினேன். தேரடியில் கிளம்பி கீழ மாசி, தெற்கு மாசி, மேல மாசி. முக்குக்குச் சற்று முன்னால் உள்ளே திரும்பி ஆவணி மூல வீதி வழியாக மறுபடி தேரடி. சுருக்கமான வழி, நிழலான வழி. உடனே போன் செய்தாள்.

"டீச்சர், நாலு வீதின்னு நோட்டீஸ் போட்டாச்சு. நீங்க மூணுதான் குடுத்திருக்கீங்க."

"வடக்கு மாசியில வெயில் அடிக்கும்."

"காலையில ஆறரைக்கு எங்க டீச்சர் வெயிலு? ராமாயணச் சாவடி இருக்கு, கிருஷ்ணன் கோயில் இருக்கு. அப்புறம் அந்தப் படக் கடை மாடி. வரிசையா மரச் சட்டம் அடிச்சு அழி வச்ச அந்த மாதிரி முகப்பு நாலு வீதியிலயும் இனி இல்ல. அதப் பாக்கத்தான் பாதிப் பேரு வர்றாங்க."

அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிட்டேன். பால் அடுப்பில் இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

இன்று ஆட்டோ இல்லை. முக்கு வரை போய், பேச்சியம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வந்த வழியே நடந்து திரும்பினேன். மேல மாசி, தெற்கு மாசி, கீழ மாசி. வீடு வரும்போது கால் நடுங்கியது. ஆனால் வந்துவிட்டேன். யாருக்கு வேண்டும் ஓசூர்?

பிப்ரவரி 22, சனி

அதே நடை. வலி குறைந்திருக்கிறது.

பேச்சியம்மா சரத்தைக் கட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "தெனமும் இந்த முக்கு வரைக்கும் வாரீக, திரும்பிப் போயிர்றீக. வலம் வாரதுன்னா முழுசா வரணும் டீச்சர். முக்காச் சுத்து வந்து திரும்புனா, வந்ததையும் அவுத்து விட்ட மாதிரியில்ல ஆயிப்போகும்?"

நான் சாமி கும்பிட வரவில்லை, உடற்பயிற்சிக்கு வருகிறேன் என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. இரண்டு முழம் மல்லிகை வாங்கி ஈடுகட்டினேன்.

பிப்ரவரி 24, திங்கள்

ஜெரால்டு என் காலைப் பார்த்துவிட்டு அசந்துபோனான். மூட்டை மாற்றிய இரண்டு மாதத்தில் ஒரு கால் இவ்வளவு மடங்காது என்றான். தினமும் எவ்வளவு நடக்கிறேன் என்று கேட்டான். பெருமையாகச் சொன்னேன். அவன் விரலால் காற்றில் ஒரு சதுரம் வரைந்து பார்த்தான்.

"டீச்சர், அந்த முக்குல இருந்து வடக்கு மாசி வழியா வந்தா வீடு கிட்டத்துல. நீங்க வந்த வழியே திரும்பினா அத மாதிரி ரெண்டு பங்கு நடக்கணும். சுத்தி வர முடியலன்னு சொல்றவங்க சுத்தறதவிட அதிகமா நடக்கிறீங்களே?"

"அந்த வீதி எனக்குப் பிடிக்கலை."

"எங்கம்மா ஒண்ணு சொல்லுவாங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

அவனைத் திட்டி அனுப்பினேன். கூடம் கோணல்தான். எனக்குத்தானே தெரியும்.

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. எல்லாக் கோயிலிலும் கூட்டம், நடக்கப் போகவில்லை.

வடக்கு மாசி வீதியில் சாமி படங்களுக்குக் கண்ணாடி போடும் கடை ஒன்று இருக்கிறது. தெரிந்தவர் கடை. மாடியில் அவர் குடும்பம். இதில் எழுத வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

கோதுமை மாவு அரைத்தாயிற்று. மாடிக் குழாயில் ஒழுகல், பிளம்பர் நாளை. நடை: முக்கு வரை, திரும்ப முக்கிலிருந்து.

மார்ச் 1, சனி

சொக்கு போன் செய்தான். ஒன்பதாம் தேதிக்கு முதல் நாளே வருவதாகச் சொன்னான். பேச்சுவாக்கில் வாயை விட்டான்.

"பிடிவாதத்துல கால உடைச்சுக்காதம்மா. அப்பாவும் அதத்தான் சொல்றாரு. தெனமும் முக்கு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போறாளாமே, எதுக்கு அவளுக்கு இந்த வேலைன்னு..."

பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கே உறைத்தது. "இல்லம்மா, சும்மா ஒரு நாள் பேசினப்ப..." என்று இழுத்தான். வைத்துவிட்டேன்.

சரி, எழுதியே விடுகிறேன். என் நோட்டு, என் பேனா, யாரிடம் மறைப்பது?

படக் கடை அவருடையது. சொக்குவின் அப்பா. பையன் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது, கடையில் வேலை அதிகம், ராத்தங்கல் என்று சொல்லிச் சொல்லி, ஒரு நாள் கடை மாடியிலேயே இன்னொரு குடித்தனம் வைத்துவிட்டார். ஊருக்கெல்லாம் பெருமாளையும் தாயாரையும் ஒரே சட்டத்துக்குள் மாட்டிக் கொடுத்தவர். நான் சண்டைக்குப் போகவில்லை. காவல் நிலையத்துக்கும் போகவில்லை. விசிலை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மகனைப் படிக்க வைத்தேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் அன்றிலிருந்து அந்த வீதியில் கால் வைக்கவில்லை. தேரோட்டத்தன்று தேருக்குப் பின்னாலேயே போவேன், மேல மாசி முக்கு வந்ததும் கழன்று விடுவேன். தெரிந்த ஆட்டோக்காரர்கள் கேட்காமலேயே உள்ளே திருப்பிவிடுவார்கள். அந்த வீதியில் கல்யாணம் என்றால் மொய்யை ஆள் மூலம் கொடுத்தனுப்புவேன். எல்லாரும் என்னிடம் பதமாக நடந்துகொண்டார்கள். நானும் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

இன்றைக்குத்தான் எரிகிறது. தப்புப் பண்ணியவர் வீதியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் எதுவரை வருகிறேன், எங்கே திரும்புகிறேன் என்று செய்தி கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு தப்பும் பண்ணாத நான் சந்து வழியாகப் போகிறேன். நான் பிறந்து வளர்ந்த ஊரில் நான்கு வீதிகளில் ஒன்றை அவருக்குப் பட்டா போட்டுக் கொடுத்திருக்கிறேன். இதில் என்னை எந்த ஊரில் இருக்க வைப்பது என்று அவருக்கு யோசனை வேறு!

அழுதேன். கோபத்தில்தான். அப்புறம் முகம் கழுவி இரண்டு சப்பாத்தி சாப்பிட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

ஜன்னத்திடம் அந்த வழித்திட்டத்தைக் கிழித்துப் போடச் சொன்னேன். நான்கு வீதி. முழுச் சுற்று.

அவளுக்கும் தெரியும். அந்த வருடம் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும்.

"படக் கடை வாசல்ல மட்டும் நான் பேசிக்கிறேன் டீச்சர். நீங்க முன்னால போயிருங்க."

"வேணாம். அங்கயும் நான்தான் பேசுவேன். மர அழியப் பத்தி எனக்குச் சொல்லிக் குடு."

மார்ச் 4, செவ்வாய்

இன்று முக்கைத் தாண்டினேன். கிருஷ்ணன் கோயில் வரை நன்றாகப் போனேன். தூரத்தில் கடைப் பலகை தெரிந்தது. தேர்வெழுதப் போகும் பிள்ளை மாதிரி உள்ளங்கை வேர்த்துக் குச்சி வழுக்கியது. திரும்பிவிட்டேன்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்ததும் பேச்சியம்மா தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். "கூட வரட்டுமா டீச்சர்? இந்தா, கூடையத் தூக்கிட்டு வந்துருவேன்" என்றாள். வேண்டாம் என்றேன்.

கால் ஜெயித்துவிட்டது. மற்றதுதான் பாக்கி.

மார்ச் 6, வியாழன்

மறுபடி கிருஷ்ணன் கோயில். மறுபடி திரும்பினேன். ஞாயிற்றுக்கிழமை பின்னால் ஆட்கள் இருப்பார்கள், திரும்ப முடியாது. விசில் ஊதுகிறவள் வரிசையை விட்டு ஓட முடியாது. அதுதான் எனக்குப் பிடி.

மார்ச் 8, சனி

சொக்கு வந்துவிட்டான். வந்ததும் மாடிப்படியைப் பார்த்து உச்சுக் கொட்டினான். அவனுக்கு முன்னால் நான் ஏறிப் போனேன்.

போனில் சொன்னதைப் பற்றி ஏதோ ஆரம்பித்தான். சாப்பிடு என்று சொல்லிவிட்டேன். அப்பாவோடு பேசாதே என்று நான் அவனிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. இனியும் சொல்லப் போவதில்லை. ஆனால் எனக்கு வலித்தது. அதை அவன் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் வெண்டைக்காய்ப் பொரியல் வைக்கவில்லை. அவனுக்குப் பிடித்தது.

காட்டன் சேலை தேய்த்தாயிற்று. கான்வாஸ் ஷூ துவைத்தாயிற்று.

மார்ச் 9, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஆறரைக்குத் தேரடியில் கூடினோம். இருபது பேருக்கு மேல். கல்லூரிப் பிள்ளைகள், சென்னையிலிருந்து ஒரு தம்பதி, கேமராவோடு ஒருவர், பேரனோடு ஒரு வங்கி மேனேஜர். கடைசியில் சொக்கு, கையைக் கட்டிக்கொண்டு. நான் விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினேன். காக்கைகளும் அடங்கின.

"கோயில் வலது கைப் பக்கம். யாரும் நடுவுல நிக்கக் கூடாது. நான் நிறுத்துற எடத்துலதான் நிக்கணும். நடங்க."

கீழ மாசியில் மண்டிகள் மூடியிருந்தும் வத்தல் நெடி போகவில்லை. சென்னை அம்மாள் தும்மியதும் எல்லாரும் சிரித்தார்கள். விளக்குத்தூணில், கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை அகலப்படுத்திய பழைய கலெக்டரின் கதையைச் சொன்னேன். தெற்கு மாசியில் எனக்குக் காப்பி கொடுத்த ஜவுளிக்காரர் கதவைத் திறந்துகொண்டிருந்தார். "இன்னைக்காச்சும் ஒரு சேலை எடுங்கம்மா" என்று கை கூப்பினார். மேல மாசியில் இம்மையில் நன்மை தருவாருக்கு எல்லாரும் கும்பிடு போட்டார்கள். முழங்கால் ஒரு வார்த்தை பேசவில்லை.

முக்கு வந்தது. பேச்சியம்மா எழுந்து நின்றாள். நான் ஸ்டூலில் உட்காரவில்லை. திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் உயர்த்திக் காட்டினேன்.

கிருஷ்ணன் கோயில். ராமாயணச் சாவடி. பேசினேன், என்ன பேசினேன் என்று நினைவில்லை. ஜன்னத் பக்கத்தில் வந்து நடந்தாள், தொடவில்லை.

படக் கடை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெள்ளை. இத்தனை வருடமாக நான் பயந்து சுற்றிப் போனது இந்த மெலிந்த கிழவருக்காகவா என்று முதலில் தோன்றியது. அடுத்த நொடி பழைய கோபம் அப்படியே வந்தது, கொஞ்சமும் மெலியாமல்.

விசில் ஊதினேன். எல்லாரும் நின்றார்கள். அவர் பேப்பரை இறக்கினார்.

"மேல பாருங்க" என்றேன். குரல் சரியாக வந்தது. "மாடி முகப்பு முழுக்க மர அழி. உள்ள இருக்கவங்க தேரப் பாக்கலாம், தேர் இழுக்கிறவங்க உள்ள இருக்கவங்களப் பாக்க முடியாது. தூண் சுண்ணாம்புச் சாந்து, கையால தேச்சுப் பளபளப்பு ஏத்தினது. அந்தக் கொடியும் கிளியும் ஒவ்வொரு தூண்லயும் வேற வேற. நல்லாப் பாத்துக்கங்க. நாலு வீதியிலயும் இது ஒண்ணுதான் இப்படி மிச்சம்."

கேமராக்காரர் படம் எடுத்தார். வங்கி மேனேஜரின் பேரன் கிளிகளை எண்ணினான். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். பாதையை மறித்துக்கொண்டு, எனக்கு நேராக வந்து நின்றார்.

"கண்ணி..." என்றார். வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிடுவதில்லை. "காலு இப்ப எப்படி இருக்கு? உள்ள வந்து செத்த உக்காந்துட்டுப் போயேன்."

எத்தனையோ வருடமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வாய் வரை வந்து நின்றன. அத்தனையும் நியாயமான வார்த்தைகள். பின்னால் இருபது பேர் நின்றார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கீழ மாசி இன்னும் பாக்கி இருந்தது.

"கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க" என்றேன். "பின்னால ஆள் வர்றாங்க."

அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கடைப் படியில் ஏறி நின்றார். நாங்கள் ஒவ்வொருவராக அந்த இடத்தைக் கடந்தோம். சொக்கு கடைசியாக வந்தான். அவனிடம் அவர் ஏதோ கேட்டார், அவன் ஏதோ சொன்னான். எனக்குக் கேட்கவில்லை, நின்று கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு நான் வேகம் எடுத்துவிட்டேன் போலிருக்கிறது. வடக்கு மாசி முடிந்து கீழ மாசிக்குத் திரும்பும்போது, வரிசை பாதி வீதிக்கு நீண்டிருந்தது. குச்சி என் அக்குளில் இருந்தது. எப்போது ஊன்றுவதை விட்டேன் என்று தெரியவில்லை. "டீச்சர், எல்லாரும் கோ-கோ ஆடல டீச்சர்" என்று ஜன்னத் பின்னால் கத்தினாள்.

தேரடியில் எல்லாரும் கை தட்டினார்கள். சொக்கு கடைசியாக வந்து, மூச்சு வாங்க, என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் படபடப்பு வந்துவிட்டது. இவன் ஏதாவது நொட்டை சொல்லிவிடுவானோ என்று.

"ஓசூருக்கு ரெண்டு மணிக்கு பஸ்ஸும்மா" என்றான். "ஒரு டிக்கெட்டு போட்டுட்டேன்."

"எப்படா போட்ட?"

"இப்பத்தான். வடக்கு மாசி வீதில, உன் பின்னால நடந்துக்கிட்டே."